புதுப்பிப்பு: 3.5 இன்ச் ஃப்ளாப்பியில் இருப்பதை மீட்பது

பழைய ஃப்ளாப்பி டிஸ்க்கில் உள்ள கோப்புகளை எடுக்க "யூ.எஸ்.பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கிச் செருகினால் போதும்" என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. பழைய பி.சி.யில் (டாஸ், விண்டோஸ்) எழுதிய 1.44 எம்.பி டிஸ்க்குக்குப் போதும். அமிகா என்ற பழைய வகைக் கணினியின் டிஸ்க்கை அது படிக்கவே படிக்காது. அதற்குக் கணினிப் பெட்டிக்குள் பொருத்தும் பழைய ஃப்ளாப்பி டிரைவும், அதை யூ.எஸ்.பி வழியாக இணைத்துப் படிக்கும் கிரீஸ்வீசல் (Greaseweazle) என்ற மின்பலகையும் வேண்டும்.

டிஸ்க்கைச் செருகும் முன் அதன் ஷட்டரை (நகரும் மூடியை) விலக்கிப் பிடித்து, பின்புற உலோக வட்டை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரும்பழுப்புப் படலத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைதான். அப்படியே போட்டால் டிரைவின் ஹெட்டில் (படிக்கும் முனையில்) ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள்.

டிஸ்க்கின் மூலையில் உள்ள எழுத்துத்தடுப்புத் துளை திறந்தே இருக்கட்டும்; அப்போது டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், அவசரப்பட்டு தலையாட்டிவிடாதீர்கள். கோப்பு கோப்பாக நகலெடுப்பதைவிட டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருளில் முழு இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, எடுப்பது நல்லது. 1.44 எம்.பி டிஸ்க் என்றால் அதன் அளவு சரியாக 14,74,560 பைட் வர வேண்டும்.