இரண்டு விரலால் படத்தைத் திருப்பிப் பெரிதாக்கினால் படம் நடுங்குகிறது, ஓடுகிறது (ஆண்ட்ராய்டு, கோட்லின் மொழி)

மழைக்குருவி:

வணக்கம். என் தாய்மாமா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார், அவருக்காக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு என்று விதவிதமான ஃபிரேம்கள் இருக்கும், வாடிக்கையாளர் தன் போட்டோவை ஃபிரேமின் நடுவில் வைத்து இரண்டு விரலால் பெரிதாக்கி, கொஞ்சம் சாய்த்து, முகம் சரியாக வந்ததும் அனுப்பினால் மாமா 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுத் தருவார். அவ்வளவுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பெரிதாக்க ஸ்கேல்ஜெஸ்சர்டிடெக்டர் இருக்கிறது. திருப்புவதற்கு அதுபோல ஆண்ட்ராய்டே தரும் கிளாஸ் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் இரண்டு விரல்களுக்கும் நடுவே உள்ள கோட்டின் கோணத்தை ஏடேன்2 (கோணம் தரும் ஃபங்ஷன்) வைத்து நானே கணக்கிட்டு, முந்தைய கோணத்தைக் கழித்து, படத்தைத் திரையில் காட்டும் இமேஜ்வியூவின் ரொட்டேஷனில் கூட்டினேன். படம் திரும்புகிறது, ஆனால் காய்ச்சல் வந்தது போல நடுங்குகிறது. லாக்கில் பார்த்தால் கோணம் 12, மைனஸ் 9, 14 என்று முன்னும் பின்னும் குதிக்கிறது, விரலோ ஒரே சீராகத்தான் போகிறது.

சரி என்று அதை விட்டுவிட்டு, படத்தின் இடம், சாய்வு, அளவு எல்லாவற்றையும் எண்களாக வைத்திருக்கும் மேட்ரிக்ஸுக்கு (அணி) மாறினேன், திருப்ப போஸ்ட்ரொட்டேட், பெரிதாக்க போஸ்ட்ஸ்கேல் என்று. நடுக்கம் நின்றது. இப்போது படம் விரல் இருக்கும் இடத்தில் சுழலாமல் திரையின் இடது மேல் மூலையைச் சுற்றிச் சுழன்று வெளியே போய்விடுகிறது.

இன்னொன்று. '10 டிகிரி சாய்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன், அதை அழுத்தினால் கிரியேட்பிட்மேப் மூலம் புதிய பிட்மேப் (மெமரியில் பிக்சல்களாக இருக்கும் படம்) உருவாக்கிப் பழையதன் இடத்தில் வைக்கிறேன். நாலைந்து முறை அழுத்தினால் முகமே மங்கிவிடுகிறது, 12 மெகாபிக்சல் போட்டோ என்றால் மெமரி போதவில்லை என்று ஆப் மூடிக்கொள்கிறது. தை பிறப்பதற்குள் மாமாவுக்கு இதை முடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

கல்தச்சன்:

மூலையைச் சுற்றுவதற்குக் காரணம் ஒன்றுதான். போஸ்ட்ரொட்டேட்டுக்குக் கோணம் மட்டும் கொடுத்தால் அது 0, 0 புள்ளியைச் சுற்றித் திருப்பும், அந்தப் புள்ளி இடது மேல் மூலை. கோணத்தோடு இன்னும் இரண்டு எண்கள் கொடுக்கலாம், இரண்டு விரல்களுக்கும் நடுப்புள்ளியின் எக்ஸ், ஒய். போஸ்ட்ஸ்கேலுக்கும் அப்படியே, டிடெக்டரின் ஃபோகஸ்எக்ஸ், ஃபோகஸ்ஒய் இதற்காகவே இருக்கின்றன. இமேஜ்வியூவின் ஸ்கேல்டைப் 'மேட்ரிக்ஸ்' என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வைக்கும் மேட்ரிக்ஸை அது கண்டுகொள்ளாது.

அந்தப் பட்டனை இன்றைக்கே மாற்றுங்கள். சாய்த்த படம் ஒரு பெரிய செவ்வகத்துக்குள்தான் அடங்கும், ஒவ்வொரு முறையும் அந்தச் செவ்வகம் வளரும். 4000க்கு 3000 படம், ஒரு பிக்சலுக்கு 4 பைட், அதாவது 48 எம்பி. 10 டிகிரி சாய்த்தால் சுமார் 4460க்கு 3649, 65 எம்பி. அதையே எடுத்து மறுபடி 10 டிகிரி சாய்த்தால் 5026க்கு 4368, கிட்டத்தட்ட 88 எம்பி. மாற்றும் நேரத்தில் பழையதும் புதியதும் இரண்டுமே மெமரியில் இருக்கும். ஆப் மூடாமல் என்ன செய்யும்?

ஆத்தங்கரை:

கல்தச்சன் சொன்னது சரி. நடுக்கம் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் மேட்ரிக்ஸுக்கு மாறியதால் அது தற்செயலாகச் சரியாகியிருக்கிறது, காரணம் தெரியாவிட்டால் வேறு இடத்தில் மறுபடி வரும். டச் ஈவென்ட்டின் கெட்எக்ஸ், கெட்ஒய் தருவது அந்த வியூவின் சொந்த அளவையில் உள்ள இடம். வியூவை 5 டிகிரி திருப்பினால் அதன் அளவுகோலும் 5 டிகிரி திரும்பிவிடும். விரல் அங்கேயே இருந்தாலும் அடுத்த ஈவென்ட்டில் விரல் 5 டிகிரி பின்னால் போனதாக எண் வரும். அதை நம்பி நீங்கள் பின்னால் திருப்புவீர்கள், அடுத்ததில் முன்னால். உங்கள் லாக்கில் இருக்கும் 12, மைனஸ் 9, 14 இதுதான். வியூவையே திருப்பியாக வேண்டும் என்றால் டச்சை அதன் பேரன்ட் வியூவில் (அதைத் தாங்கியிருக்கும், திரும்பாத வெளி வியூவில்) வாங்க வேண்டும். மேட்ரிக்ஸில் வியூ அசைவதில்லை, உள்ளே உள்ள படம்தான் அசைகிறது, அதனால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, போஸ்ட் என்றும் ப்ரீ என்றும் இரண்டு வகை இருப்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த அணிகளை நினைத்துக்கொண்டால் போதும். ஏ பெருக்கல் பி வேறு, பி பெருக்கல் ஏ வேறு. எக்ஸ் 100இல் ஒரு புள்ளி இருக்கிறது. இரண்டு மடங்காக்கி 50 நகர்த்தினால் 250. முதலில் 50 நகர்த்தி அப்புறம் இரண்டு மடங்காக்கினால் 300. போஸ்ட் என்றால் இதுவரை செய்த எல்லாவற்றுக்கும் பிறகு, அதாவது திரையின் பக்கத்தில். ப்ரீ என்றால் எல்லாவற்றுக்கும் முன்பு, படத்தின் பக்கத்தில். விரல் திரையில் இருக்கிறது, அதனால் விரலால் செய்வதெல்லாம் போஸ்ட். படத்தின் சொந்தக் குணம் சம்பந்தப்பட்டது எல்லாம் ப்ரீ.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். டிடெக்டரும் வேண்டாம், ஏடேன்2வும் வேண்டாம். மேட்ரிக்ஸில் செட்பாலிடுபாலி என்று ஒரு மெத்தட் இருக்கிறது, பலர் அந்தப் பக்கமே போவதில்லை. பழைய புள்ளிகள் சில, புதிய புள்ளிகள் சில கொடுத்தால், முன்னதைப் பின்னதன் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும் மேட்ரிக்ஸை அதுவே கணக்கிட்டுத் தரும். ஒரு புள்ளி கொடுத்தால் நகர்த்தல் மட்டும். இரண்டு கொடுத்தால் நகர்த்தல், திருப்பல், சீரான பெரிதாக்கல் மூன்றும் சேர்ந்து. மூன்று கொடுத்தால் படம் சரியும், நான்கு கொடுத்தால் தூரத்துக் கட்டடம் போலக் குறுகும். உங்களுக்கு வேண்டியது இரண்டு புள்ளி, அதாவது இரண்டு விரல்.

இப்படிச் செய்யுங்கள். விரல் வைத்ததும், இரண்டாவது விரல் வைத்ததும், அந்த நேரத்து மேட்ரிக்ஸை 'தொடக்கம்' என்று ஒரு நகல் எடுத்து, விரல்களின் இடத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விரல் நகரும்போதெல்லாம் 'மாற்றம்' என்ற மேட்ரிக்ஸில் செட்பாலிடுபாலியை அழையுங்கள், பழைய புள்ளிகள், 0, இப்போதைய புள்ளிகள், 0, விரல் எண்ணிக்கை என்ற வரிசையில். எண்ணிக்கை அதிகபட்சம் 2. அப்புறம் தொடக்கத்தை நடப்பு மேட்ரிக்ஸில் செட் செய்து, மாற்றத்தைப் போஸ்ட்கான்கேட் செய்து (அதற்குப் பிறகு வருமாறு பெருக்கி), இமேஜ்வியூவுக்குக் கொடுங்கள். முடிந்தது. ஒரு விரலால் இழுப்பதும் இதே வரிகளில் வந்துவிடும். விரல் தொட்ட இடத்தில் உள்ள கண்ணோ மூக்கோ கடைசி வரை அந்த விரலுக்கு அடியிலேயே இருக்கும், அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

இரண்டு இடத்தில் கவனம். ஒரு விரலை எடுக்கும்போது வரும் ஆக்‌ஷன் பாயிண்டர் அப் ஈவென்ட்டில் எடுத்த விரலும் இன்னும் பட்டியலில் இருக்கும், ஆக்‌ஷன்இண்டெக்ஸ் பார்த்து அதைத் தவிர்த்துவிட்டு மீதி விரலை வைத்துத் தொடக்கத்தைப் புதிதாக எடுங்கள், இல்லாவிட்டால் விரலை எடுத்ததும் படம் ஒரு குதி குதிக்கும். அப்புறம், இமேஜ்வியூவிடம் இமேஜ்மேட்ரிக்ஸைக் கேட்டு வாங்கி அதையே திருத்தக் கூடாது, உங்களுடையதாக ஒன்று தனியே வைத்திருங்கள்.

மழைக்குருவி:

ஆத்தங்கரை, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. 80 வரிக்கு மேல் அழித்துவிட்டேன், படம் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மாவிடம் கொடுத்தேன், யாரும் சொல்லித் தராமலே சாய்த்து வைத்துவிட்டார்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. படம் அரை மடங்குக்குக் கீழே சுருங்கக் கூடாது, 4 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்தேன். மேட்ரிக்ஸின் கெட்வேல்யூஸில் எம்ஸ்கேல்எக்ஸ் எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். நேராக இருக்கும்போது சரியாக வேலை செய்கிறது. படத்தை 60, 70 டிகிரி திருப்பினால் இன்னும் பெரிதாகவே இருக்கும் படத்தைப் 'போதும், இதற்கு மேல் சுருங்காது' என்று நிறுத்திவிடுகிறது. 90 டிகிரியில் எம்ஸ்கேல்எக்ஸ் 0 என்று வருகிறது. படம் கண் முன்னால் முழுசாக இருக்கிறது, எப்படி 0?

கல்தச்சன்:

பெயரைப் பார்த்து எல்லாரும் ஏமாறும் இடம் இது. எம்ஸ்கேல்எக்ஸில் இருப்பது பெரிதாக்கிய அளவு மட்டும் அல்ல, அளவு பெருக்கல் கோணத்தின் கொசைன். 2 மடங்கு படத்தை 60 டிகிரி திருப்பினால் 2 பெருக்கல் 0.5, அதாவது 1. 90 டிகிரியில் கொசைன் 0. மீதி எங்கே போனது என்றால் எம்ஸ்கியூஒய்யில் இருக்கிறது, அளவு பெருக்கல் சைன். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான அளவு வரும், கோட்லினில் ஹைபாட் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கோணம் வேண்டுமென்றால் ஏடேன்2வுக்கு எம்ஸ்கியூஒய், எம்ஸ்கேல்எக்ஸ் இந்த வரிசையில் கொடுங்கள்.

எல்லை தாண்டினால் அந்த அசைவையே தூக்கி எறிய வேண்டாம், படம் முட்டி நின்றது போல இருக்கும். எல்லை வகுத்தல் இப்போதைய அளவு என்று ஒரு எண் கண்டுபிடித்து, விரல்களின் நடுப்புள்ளியைச் சுற்றி அந்த அளவுக்குப் போஸ்ட்ஸ்கேல் செய்துவிடுங்கள். பெரிதாவது நிற்கும், திருப்புவது நிற்காது.

வெளிச்சப்பெட்டி:

நான் பிரிண்ட் பக்கம் வேலை செய்பவன், அதனால் கடைசிக் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். விரலில் எவ்வளவு அழகாக வந்தாலும் காகிதத்தில் மங்கலாக வந்தால் வாடிக்கையாளர் மாமாவைத்தான் கேட்பார்.

திரையில் தெரிவதை அப்படியே படம் பிடித்துச் சேமிக்காதீர்கள். 4க்கு 6 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். உங்கள் ஃபிரேம் திரையில் 720க்கு 1080 இடம்தான் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதை இழுத்துப் பெரிதாக்கினால் புதிதாக விவரம் எங்கிருந்தும் வராது. மேட்ரிக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, 1200க்கு 1800 அளவில் ஒரு வெற்று பிட்மேப் உருவாக்கி, அதன் கேன்வாஸில் (வரையும் பரப்பில்) மறுபடி வரையுங்கள். ஃபிரேமின் மூலை திரையில் எங்கே இருக்கிறதோ அந்த அளவு பின்னால் நகர்த்தி, பிறகு 1200 வகுத்தல் 720 என்று போஸ்ட்ஸ்கேல்.

இங்கேதான் ப்ரீயும் தேவைப்படும். திரைக்கு 12 மெகாபிக்சல் முழுசாகத் தேவையில்லை. இன்சாம்பிள்சைஸ் (எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்கித் திறப்பது என்ற எண்) 4 என்று வைத்துத் திறந்தால் 1000க்கு 750, 48 எம்பி இருந்த இடத்தில் 3 எம்பி. விரல் வேலை எல்லாம் இதில் நடக்கட்டும். சேமிக்கும்போது மட்டும் இன்சாம்பிள்சைஸ் 2 வைத்தோ, தாங்கினால் முழுசாகவோ திறங்கள். பெரிய படத்துக்கு அதே மேட்ரிக்ஸ் பொருந்த வேண்டுமே, அதற்குச் சின்னதன் அகலம் வகுத்தல் பெரியதன் அகலம் என்று ப்ரீஸ்கேல். 2, 4 என்று நேரடியாக எழுதாமல் உண்மையான அகலத்தைக் கேட்டு வாங்கிக் கணக்கிடுங்கள், திறக்கும்போது ஒன்றிரண்டு பிக்சல் கூடக் குறைய வரலாம். வரையும்போது கொடுக்கும் பெயின்ட்டில் ஃபில்டர்பிட்மேப்பை ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் படத்துக்குள் சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு தெரியும்.

இன்னொன்றும் நிச்சயம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த போட்டோ சில போன்களில் படுத்துக்கொண்டு திறக்கும். கேமரா பிக்சல்களை அப்படியே எழுதிவிட்டு, 'இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃபில் (போட்டோ ஃபைலோடு சேர்ந்து வரும் விவரங்களில்) ஒரு குறிப்பு மட்டும் வைத்திருக்கும். ஓரியண்டேஷன் 6 என்றால் கடிகார முள் போகும் திசையில் 90, 3 என்றால் 180, 8 என்றால் 270. பிட்மேப்ஃபேக்டரி அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. எக்ஸிஃப்இன்டர்ஃபேஸ் வைத்துப் படித்து, திறந்த உடனேயே ஒரு முறை திருப்பிவிடுங்கள். 90இன் மடங்காகத் திருப்பினால் பிக்சல்கள் இடம்தான் மாறும், தரம் குறையாது. சாய்ப்பதில்தான் குறையும். ஆண்ட்ராய்டு 9உம் அதற்கு மேலும் மட்டும் போதுமென்றால் இமேஜ்டிகோடர் வைத்துத் திறங்கள், அது குறிப்பைப் பார்த்துத் தானே திருப்பித் தரும்.

மழைக்குருவி:

இமேஜ்டிகோடருக்கு மாறினேன், படுத்திருந்த போட்டோ நிமிர்ந்துவிட்டது. ஆனால் சேமிக்கும் இடத்தில் ஹார்ட்வேர் பிட்மேப்பை இங்கே வரைய முடியாது என்று ஒரு எரர் வந்து ஆப் மூடுகிறது. திரையில் சரியாகத்தான் காட்டுகிறது.

ஆத்தங்கரை:

இமேஜ்டிகோடர் வழக்கமாகப் படத்தை கிராஃபிக்ஸ் மெமரியில் வைத்துத் தரும். திரைக்கு அது வேகம், ஆனால் நீங்களே உருவாக்கிய பிட்மேப்பின் கேன்வாஸில் அதை வரைய முடியாது. திறக்கும்போது அலொகேட்டரை (படத்தை எந்த மெமரியில் வைப்பது என்ற அமைப்பை) 'அலொகேட்டர் சாஃப்ட்வேர்' என்று வையுங்கள், சேமிப்பதற்காகத் திறக்கும் பெரிய படத்துக்கு மட்டும் போதும்.

மழைக்குருவி:

வேலை செய்கிறது. நேற்று மாலை மாமாவின் பிரின்டரில் ஆறு பிரிண்ட் போட்டுப் பார்த்தோம், நேராக ஒன்று, 10, 37, 90, 145 டிகிரியில் ஒவ்வொன்று, தலைகீழாக ஒன்று. போன் திரையையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஃபிரேமின் ஓரத்தில் போட்டோ எங்கே வெட்டுப்படுகிறது என்று பார்த்தோம், ஆறிலும் ஒரே இடம். '10 டிகிரி சாய்' பட்டனும் இப்போது அதே மேட்ரிக்ஸில் ஒரு போஸ்ட்ரொட்டேட் மட்டும்தான், 36 முறை அழுத்திப் பார்த்தேன், படம் புறப்பட்ட இடத்துக்கே அதே தெளிவோடு வந்து சேர்ந்தது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து ஒரே ஃபிரேமில் இரண்டு போட்டோ வைக்கும் வேலை இருக்கிறது, எந்தப் போட்டோவை விரல் தொட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்தச்சன்:

ஒவ்வொரு போட்டோவின் மேட்ரிக்ஸையும் இன்வர்ட் செய்து (நேர்மாறாக்கி), தொட்ட புள்ளியை மேப்பாயின்ட்ஸில் போட்டால் அந்தப் போட்டோவின் சொந்த அளவையில் புள்ளி கிடைக்கும். அது 0க்கும் அகலத்துக்கும், 0க்கும் உயரத்துக்கும் உள்ளே இருந்தால் தொட்டது அதைத்தான். மேலே இருக்கும் போட்டோவிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து வாருங்கள்.