ரேஷன் அரிசியை நம்பிச் சத்தாகச் சாப்பிட முடியுமா?

வைகைக்கரை எழுதியது:
சத்தாகச் சாப்பிட வேண்டுமென்றால் அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்று பலரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் மளிகையும் காய்கறியும் மாதம் 5,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ரேஷனில் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வெளியே கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் துவரம்பருப்பு அங்கே 30 ரூபாய். தீட்டிய குதிரைவாலியும் நூறைத் தாண்டிவிட்ட நிலையில், அந்தப் பணத்தை இன்னொரு தானியத்தில் போடுவதைவிட, தட்டில் இல்லாத பருப்பிலும் முட்டையிலும் கீரையிலும் போடுவதே சரி. 100 கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதம் இருக்கிறது என்றால், அதே அளவு கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் இருக்கிறது.

தினைப்புலம் எழுதியது:
நண்பரே, குதிரைவாலியை மட்டும் எடுத்துக்கொண்டு சிறுதானியம் முழுவதையும் தள்ளிவிடுகிறீர்கள். உங்கள் கணக்கையே பார்ப்போம். 20 கிலோவை நால்வருக்கு முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 170 கிராம்கூட வராது. மூன்று வேளையும் சோறும் இட்லியுமாகச் சாப்பிடும் வீட்டுக்கு அது போதாது. மீதியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். அந்த மீதி கேழ்வரகாக இருக்கட்டும் என்பதே என் வாதம். அரிசியில் பெயரளவுக்கே இருக்கும் கால்சியம், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனிலேயே அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்ததே, அதை எல்லா மாவட்டங்களுக்கும் கேட்பதுதான் முறை.

வைகைக்கரை எழுதியது:
மாதம் பத்துக் கிலோவுக்கு மேல் நாங்கள் கடையரிசி வாங்குவது உண்மை. அந்த இடத்தில் கேழ்வரகு வருவதற்கு எனக்கு மறுப்பில்லை; ஆனால் பருப்புச் செலவில் கைவைத்து அதை வாங்கக் கூடாது.

இரண்டாம்ஷிப்ட் எழுதியது:
நீங்கள் இருவரும் விலையை மட்டுமே பேசுகிறீர்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அந்நேரத்தில் முருங்கைக்கீரையை உட்கார்ந்து ஆய்ந்து முடிக்க அரை மணிநேரம் ஆகும், கொள்ளையோ காலையிலேயே நினைவாக ஊறவைத்திருக்க வேண்டும், அதற்குள் பிள்ளைகள் பசியோடு தூங்கிவிடுவார்கள். பத்து ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் போடும் தாய்க்குச் சத்தைப் பற்றித் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். அவளிடம் இல்லாதது நேரம்.

வைகைக்கரை எழுதியது:
சகோதரி, நான் கணக்கில் சேர்க்காமல் விட்டதைச் சொல்லியிருக்கிறீர்கள். கீரைக்கு மட்டும் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன்: முருங்கைக் கொத்தை இரவே ஒரு பருத்தித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் துணியைப் பிரித்து உதறும்போது இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும், பொறுக்குவதற்கு ஈர்க்கு மட்டுமே மிஞ்சும். ஊறவைக்க முடியாத நாளில் பாசிப்பருப்பு இருக்கிறது. அரிசியோடு சேர்த்துக் குக்கரில் வைத்தால் இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அதிலேயே கீரையையும் போடலாம். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல் இருந்தால் கீரையின் இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும்.

தினைப்புலம் எழுதியது:
சமைப்பதைத் தாய் ஒருத்தியின் வேலையாகவே வைத்துப் பேசியது என் தவறும்கூட. கேழ்வரகுக் கூழை இரவில் காய்ச்சி வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். அதை வீட்டில் இருக்கும் ஆண்களே காய்ச்சலாம்.

இரண்டாம்ஷிப்ட் எழுதியது:
துணியில் சுற்றும் முறையை இன்றிரவே செய்துபார்க்கிறேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. எங்கள் பகுதி ரேஷன் கடை நான் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் திறந்திருக்கிறது. அந்த 30 ரூபாய்ப் பருப்பை வாங்க அரை நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கிறது. அந்தச் சம்பளத்தையும் பருப்பின் விலையில் சேர்த்துச் சொல்லுங்கள்.