விறைப்பு குறைஞ்சா கால் தாங்கல: எம்.எஸ். மாத்திரைகளோடு எங்கள் அனுபவம்

வைகைக்கரை

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், மூளை தண்டுவட நரம்போட உறை அரிச்சுப்போற நோய்) வந்த பிறகும் மதுரைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். களைப்பு, கண் மங்கல் எல்லாத்தையும் விட எனக்குப் பெரிய தொல்லை கால் விறைப்பு. ராத்திரி காலை நீட்டிப் படுத்தா இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பாதத்தை மேல கொஞ்சம் மடக்கினாப் போதும், குதிகால் டக்டக்னு தானா ஆட ஆரம்பிச்சிரும். காலையில கட்டில்ல இருந்து எந்திரிச்சா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் பாத்ரூம் வரைக்கும் போகணும்.

நியூரோ டாக்டர் விறைப்பைக் குறைக்க பக்லோஃபென் மாத்திரை எழுதினார். 5 மி.கி. மூணு வேளையில ஆரம்பிச்சு, மெல்ல ஏத்தி, இப்ப மூணு வேளையும் 10. பலன் இல்லைன்னு சொன்னாப் பாவம். ராத்திரி தூங்குறேன், குதிகால் ஆட்டம் ரொம்பக் கொறஞ்சிருச்சு. ஆனா இப்பப் புதுசா ஒரு வம்பு. போர்டுல எழுதிட்டுப் பிள்ளைக பக்கம் திரும்புறப்ப இடது முட்டி மடங்கிருது. போன மாசம் ரெண்டாம் பீரியட்ல டெஸ்க் மேலயே சாஞ்சுட்டேன், முன் பெஞ்சுப் பையன் எந்திரிச்சுத் தாங்கிக்கிட்டான். விறைச்ச கால்ல நின்ன காலத்துல நான் விழுந்ததே இல்ல. அதான் குழப்பம்.

வீட்டுக்காரர் "மாத்திரையை நிறுத்திப் பாரு"ங்கிறார். அத்தை "வாதத்துக்கு எண்ணெய் போட்டு நீவினாச் சரியாப் போகும்"ங்கிறாங்க. இதே மாதிரி ஆனவங்க இருந்தாச் சொல்லுங்க.

காலும் கோலும் (கோவை)

டீச்சர், நீங்களா நிறுத்தறது மட்டும் வேண்டாங்க. நான் டாக்டர் இல்லீங்க, பிசியோ. எம்.எஸ். காரங்களுக்கு நடை பழக்கற வேலைதான் எனக்கு. நீங்க சொல்ற இதே முட்டிக் கதையை நிறையப் பேர்கிட்டக் கேட்டிருக்கேன்.

மூளையிலிருந்து தண்டுவடத்துல எறங்கற நரம்போட மயலின் உறை அரிச்சுப்போனா, தசையை அடக்கி வைக்கற சேதி சரியாப் போய்ச் சேராது. அதனால தசையை இழுத்தாப் பதிலுக்கு இறுகுது, வேகமா இழுத்தா இன்னும் இறுகுது. பலமா ஊன்றச் சொல்ற சேதியும் அதே வழியாத்தான் வரணும், அதுவும் குறைச்சலாத்தான் வருது. அதாவது உள்ளே பலவீனம், மேலே விறைப்பு. உங்க தொடைத் தசை அந்த விறைப்பை வெச்சுத்தான் இத்தனை நாளா முட்டியைப் பூட்டி நிறுத்திட்டிருந்தது. பக்லோஃபென் தண்டுவடத்துல வேலை செய்யற மருந்து. கெண்டைக்காலை மட்டும் இளக்கிட்டுத் தொடையை விட்டுடுன்னு அதுகிட்டச் சொல்ல முடியாதுங்க.

அதனால விறைப்பு பூராவும் போகணும்னு ஆசைப்படாதீங்க. நிக்கற நேரத்துக்குக் கொஞ்சம் இருக்கட்டும், படுக்கற நேரத்துக்குப் போகட்டும். இந்த மாத்திரை உடம்புல ரொம்ப நேரம் தங்காது, மூணு நாலு மணி நேரத்துல பாதி வெளியேறிடும். முட்டி மடங்கறது மாத்திரை போட்டு எத்தனை நேரம் கழிச்சுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சு டாக்டர்கிட்டக் காட்டுங்க. மொத்த அளவைத் தொடாமலே, காலை வேளையைக் குறைச்சு ராத்திரியில ஏத்தறதுக்கு அவருக்கு வழி இருக்கு. எண்ணெய் போட்டு நீவறதுல தப்பில்லீங்க, சுகமா இருக்கும். மாத்திரைக்குப் பதிலா ஆகாது.

தஞ்சாவூர் மாப்பிள்ளை

டீச்சர் வீட்டுக்காரர் இதைப் படிக்கணும். என் மனைவிக்கு அப்ப நாளைக்கு 60 மி.கி. பக்லோஃபென். திருப்பதி போயிட்டு வர்றப்ப ரயில்ல ஒரு பை திருட்டுப் போச்சு, மருந்தெல்லாம் அதுக்குள்ள. ஊர் வந்து சேர்ந்தது ராத்திரி. மறுநாள் ஞாயித்துக்கிழமை, திறந்திருந்த மருந்துக்கடையில அந்த மாத்திரை இல்லை, நாளைக்கு வரவழைச்சுத் தர்றோம்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலமே ரெண்டு காலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு, ஆள் வெச்சுப் பிரிச்சாலும் பிரியல. உடம்பு கொதிக்குது. ராத்திரி வாசலைக் கைகாட்டி, "அம்மா நிக்கிறாங்க, உள்ள வரச் சொல்லுங்க"ன்னா. எங்க மாமியார் காலமாகிப் பல வருஷம். எனக்கு அல்லு விட்டுப் போச்சு. எதிர்வீட்டு ஆச்சி வேப்பிலையோட வந்து நின்னாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். ஆஸ்பத்திரியில எம்.எஸ். திரும்பத் தாக்கியிருக்கு, ஸ்டீராய்டு போடணும்னு ஒரு பேச்சு, மூளைக்காய்ச்சலா இருக்குமோன்னு ஒரு பேச்சு. ராத்திரி டூட்டியில இருந்த சின்ன டாக்டரம்மாதான், "வழக்கமா என்ன மாத்திரை? கடைசியா எப்பப் போட்டாங்க?"ன்னு கேட்டது. பதிலைக் கேட்டதுமே புரிஞ்சிடுச்சு அந்தப் பொண்ணுக்கு. திரும்ப பக்லோஃபென் குடுத்து, கூட ஊசியும் போட்டு, பக்கத்துலயே வெச்சுப் பாத்தாங்க. மெல்லத் தெளிஞ்சா. வலிப்பு வரைக்கும் போகக்கூடிய விஷயமாம், எங்களுக்கு அது வரல.

இப்ப ஒரு அட்டை மாத்திரை என் பையில, ஒண்ணு அவ கைப்பையில, ஒண்ணு பிரிட்ஜ் மேல டப்பாவுல. சீட்டோட போட்டோ ரெண்டு பேர் போன்லயும் இருக்கு. நிறுத்தணும்னாலும் டாக்டர் சொல்ற கணக்குல படிப்படியாத்தான் எறக்கணும்.

ரிட்டயர்டு ரயில்வே கார்டு, அரக்கோணம்

மாப்பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் கதை வேறு மாத்திரை. பக்லோஃபென் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பகலெல்லாம் நாற்காலியில் தூங்கி வழிந்தேன். டைசானிடினுக்கு மாற்றினார்கள். வாய் வறளும். பிரஷரை இறக்கும் மருந்து என்பதால் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கல்லீரலுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் டீச்சரம்மாவுக்கு ஆவது போல எனக்கு முட்டி துவளவில்லை.

ஒரு சமயம் திடீரென்று விறைப்பு ஏறியது. பக்கத்து கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று சொன்னார்கள், கண்டுபிடித்தது சரிதான். எழுதிக் கொடுத்தது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். நான் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை நீட்டினேன், வாங்கிப் பார்க்க ஆளில்லை. ராத்திரி இரண்டும் சேர்ந்து உள்ளே போனது. கழிப்பறை வாசலில் விழுந்தேன். மகன் வந்து மெஷின் வைத்துப் பார்த்தால் மேல் பிரஷர் 80. டைசானிடினைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை சிப்ரோ முடக்கிவிடுகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு பத்து மடங்கு போல ஏறிவிடும். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. ஃப்ளூவாக்சமின் என்று மனநல மருந்து ஒன்று உண்டு, அதையும் சேர்க்கக் கூடாது. முப்பது வருஷம் சிக்னல் பார்த்து வண்டி விட்டவன், இப்போது புது மாத்திரை எது வந்தாலும் மருந்துக்கடைக்காரரிடம் "டைசானிடினோடு போகுமா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

இன்னொன்று. விறைப்பு திடீரென ஏறினால் மாத்திரையை ஏற்றும் முன் உடம்பில் வேறெங்கே வம்பு என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், இறுக்கமான செருப்பு, படுக்கைப் புண், எதுவாகவும் இருக்கலாம். எனக்கு ஒருமுறை வலது பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. மரத்துப்போன கால், எனக்கு வலியே தெரியவில்லை. தண்டுவடத்துக்கு மட்டும் தெரிந்திருக்கிறது போலும், கால் இரவு பகலாக வெட்டி வெட்டி இழுத்தது. நகத்தைச் சீவி எடுத்த பிறகு, மாத்திரையைக் கூட்டாமலே இழுப்பு அடங்கிவிட்டது.

டொராண்டோ அக்கா

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. உலகத்திலயே எம்.எஸ். கூடின நாடுகளில இதுவும் ஒண்டு. எங்கட ஆக்களுக்கும் வருது, வெளியில சொல்லத்தான் வெக்கப்படுகினம்.

நான் விறைப்புக்கு பக்லோஃபென் குளிசையும் நடைக்கு ஃபாம்பிரிடின் குளிசையும் எடுக்கிறன். ஃபாம்பிரிடின் விறைப்புக்கான மருந்தில்லை. உறை போன நரம்பில பொட்டாசியம் ஒழுகிற வழியை அடைச்சு, சிக்னல் கால் மட்டும் போய்ச் சேர உதவுது. தொடங்க முன்னம் எனக்கு எப்பவாவது வலிப்பு வந்ததோ எண்டு கேட்டு, சிறுநீரகத்தையும் சோதிச்சவை. 25 அடிக்கு நிலத்தில டேப் ஒட்டி, ஸ்டொப்வோச் பிடிச்சு நடக்க விட்டவை. குளிசை தொடங்கின பிறகு திரும்பவும் அதே நடை. வேகம் கூடினாத்தான் தொடர்ந்து தருவினம், ஏனெண்டா மூண்டில ஒரு பங்கு ஆக்களுக்குத்தான் இது நல்லா வேலை செய்யுமாம். எனக்குச் செய்தது. ரோட்டைக் கடக்கேக்க லைட் மாற முன்னம் அங்கால போய்ச் சேருறன்.

ஆனா பலன்ஸ் வேற கணக்கு, டீச்சர் தங்கச்சி. முந்தி மெதுவாத் தடுமாறினன், இப்ப வேகமாத் தடுமாறுறன், அவ்வளவுதான்! காலமை 10 மி.கி., பின்னேரம் 10 மி.கி., இடையில 12 மணித்தியாலம். உடைக்காம, கடிக்காம முழுசா விழுங்கோணும். ஒருவேளை தவறினா அடுத்தமுறை இரண்டாப் போடக்கூடாது, வலிப்பு வரப் பாக்கும். எனக்கு நித்திரையும் கொஞ்சம் குழம்பினதுதான்.

தலை முழுகேக்க கண்ணை மூடினா நான் சரிஞ்சு போறன். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில்ல கண்ணை மூடிக் கும்பிட்டு நிண்டு, முன்னுக்கு நிண்ட அன்ரியின்ர முதுகில விழுந்திருக்கிறன். கால் எங்க நிக்குது எண்ட தகவல் மூளைக்குச் சரியா வராட்டி, கண்தான் அந்த வேலையைப் பாக்கிறது. கண்ணை மூடினா அதுவும் போச்சு. இப்ப குளியலறையில ஸ்ரூல் போட்டு இருந்துதான் முழுகிறன், பிள்ளையாரைக் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுறன். இரவில வழியெல்லாம் சின்ன லைட் எரியும்.

அம்பத்தூர் தம்பி

அக்கா, கோயில் மேட்டர் எனக்கும் நடந்திருக்கு. நம்ம ஊர்ல இன்னொரு வில்லன் இருக்கான், வெயில். கத்திரி ஆரம்பிச்சா எந்த மாத்திரையும் எடுபடாத மாதிரி ஆயிடும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை போன நரம்புல சிக்னல் தடுமாறுமாம். 1890-லயே ஊட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இதை எழுதி வெச்சிருக்கார். முதல் தடவை மே மாசம் கரண்ட் போன மத்தியானம் எனக்குக் கால் ரெண்டும் போனப்ப, நோய் திரும்பத் தாக்கிடுச்சுன்னு அழுதுட்டேன். ஈரத் துண்டைக் கழுத்துல போட்டு, காலை பக்கெட் தண்ணியில வெச்சு உக்காந்தேன், சாயங்காலம் பழையபடி ஆயிட்டேன். இந்த மாதிரி சூட்டால வர்றது உடம்பு குளிர்ந்ததும் போயிடும், புதுச் சேதாரம் இல்லன்னு டாக்டர் சொன்னார். குளிர்ந்தும் போகாம ஒரு நாளைக்கு மேல இருந்தா அவருக்கு போன் பண்ணணும்.

அப்புறம் கைக்கோல். எடுக்க மாட்டேன்னு ரொம்ப நாள் அடம். ஒரு நாள் பஸ்ல ஏறுறப்ப தள்ளாடினேன், பின்னாடி ஒரு பெருசு, "காலங்காத்தாலயே ஊத்திட்டியா?"ன்னுச்சு. பஸ்ஸே சிரிச்சுது. மறுவாரம் கோல் வாங்கினேன். இப்ப அதே ரூட்ல எந்திரிச்சு சீட் தர்றாங்க. வீக்கான காலுக்கு எதிர்க்கைல பிடிக்கணும், அடியில இருக்கற ரப்பர் தேய்ஞ்சா உடனே மாத்தணும், ஈரத் தரையில அதுதான் வழுக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல எம்.எஸ். பேரு இருக்கு, யு.டி.ஐ.டி. கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அப்ளை பண்ணுங்க. நிறையப் பேருக்கு இது தெரியல.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. நோட்டுல குறிச்சதுல, முட்டி மடங்குறது முக்கால்வாசி காலை மாத்திரை போட்டு ஒண்ணரை, ரெண்டு மணி நேரத்துக்குள்ள. டாக்டர் காலையில 5, மத்தியானம் 10, ராத்திரி 15-னு மாத்திட்டார். ரெண்டாம் பீரியட் இப்பப் பரவாயில்ல. காலையில எந்திரிக்கிறப்ப விறைப்பு முன்னைய விடக் கொஞ்சம் கூடத்தான். இடது பாதம் தொங்காம இருக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் அளவெடுத்திருக்காங்க. பிசியோ சார், வீட்ல செய்ய ஏதாவது?

காலும் கோலும் (கோவை)

ரூம் மூலையில முதுகைக் குடுத்து நில்லுங்க, முன்னாடி ஒரு சேர் இருக்கட்டும். சாஞ்சா மூணு பக்கமும் பிடிமானம் இருக்கும். காலை ஒட்டி நிக்கறது, தலையை மெல்லத் திருப்பறது, பழகினப்புறம் ஆள் பக்கத்துல இருக்கறப்ப மட்டும் கண்ணை மூடிப் பாக்கறது. கைப்பிடி பிடிக்காம சேர்ல உக்காந்து எந்திரிக்கறது தொடைக்கு நல்லது, பூட்டு போனதை அந்தப் பலம்தான் ஈடு கட்டணும். கெண்டைக்காலை மெதுவா இழுத்து முப்பது எண்ணற வரைக்கும் பிடிங்க, வெட்டி இழுக்கக் கூடாது. எல்லாத்தையும் வெயில் ஏறுமுன்ன முடிச்சிடுங்க. போர்டுல எழுதிட்டுத் திரும்பறப்ப இடுப்பை மட்டும் முறுக்காம, பாதத்தை எடுத்து வெச்சு ரெண்டு மூணு அடியாத் திரும்புங்க.

தஞ்சாவூர் மாப்பிள்ளை

ஒரு கேள்வி. மாத்திரையை ஏத்தினா மனைவிக்குத் தூக்கமும் குழப்பமும், எறக்கினா கால் பின்னிக்கிது. கெண்டைக்காலுக்கு மட்டும் தசையை இளக்கற போடாக்ஸ் ஊசி போட்டுப் பாத்தோம், மூணு மாசம் போல நல்லா இருக்கு, அப்புறம் பழைய கதை. தொடை வரைக்கும் விறைப்பு இருக்கறதால ஊசி மட்டும் போதாதுன்னு சொல்றாங்க. இப்ப பக்லோஃபென் பம்ப் பத்திப் பேச்சு வந்திருக்கு. வயித்துத் தோலுக்கு அடியில பம்ப், அதுலேர்ந்து மெல்லிய குழாய் தண்டுவட நீருக்குள்ள. நேராப் போய்ச் சேர்றதால மில்லிகிராம் கணக்கு போய் மைக்ரோகிராம் கணக்கு ஆயிடும், தூக்கமும் அவ்வளவா இருக்காதாம். முதல்ல ஒரு டெஸ்ட் டோஸ் முதுகுல போட்டுப் பாத்து, கேட்டாத்தான் ஆபரேஷன்.

எனக்குப் பயம் ரீஃபில்ல. சில மாசத்துக்கு ஒருதடவை ஊசி குத்தி நிரப்பணும், தவறிப்போனா நான் மேல சொன்ன அதே ராத்திரி திரும்ப வரும், இன்னும் மோசமா. பம்ப் வெச்சவங்க யாராவது இருந்தா, எந்த ஊர்ல ரீஃபில் பண்றீங்க, மருந்து தீராமக் கிடைக்குதா, எம்.ஆர்.ஐ. எடுக்கறப்ப என்ன செய்யறாங்கன்னு எழுதுங்க. அடுத்த மாசம் டாக்டருக்குப் பதில் சொல்லணும்.