எச்.டி. டிவிடியைத் தோற்கடித்தது எது?

பழைய வட்டு:

டிவிடிக்கு அடுத்து வந்த உயர்தரப் பட வட்டுகளான புளூ-ரேக்கும் எச்.டி. டிவிடிக்கும் 2006 முதல் 2008 வரை நடந்த போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘தரமானது வென்றது’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் நல்ல வட்டு தோற்றது; கெடுபிடி அதிகமுள்ள வட்டு வென்றது.

2006 ஏப்ரலில் தோஷிபாவின் எச்.டி. டிவிடி பிளேயர் அமெரிக்கக் கடைகளுக்கு 499 டாலரில் வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் புளூ-ரே பிளேயர் 999 டாலர். அந்த விலைக்கு என்ன கிடைத்தது? முதல் சில மாதங்களின் புளூ-ரே வட்டுகள் ஒற்றை அடுக்கு. சோனியின் படங்கள் பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டவை.

எச்.டி. டிவிடி பிளேயர் என்றால் இணைய இணைப்பு இருந்தே ஆக வேண்டும். படத்தின் மூலையில் இன்னொரு சிறு படத்தை ஓட்டும் வசதி இருந்தே ஆக வேண்டும். டால்பி ட்ரூஎச்டி ஒலியைப் படித்தே ஆக வேண்டும். முதல் நாளிலிருந்தே இவை விதிகள். புளூ-ரேயோ ‘புரொஃபைல்’ (பிளேயரில் என்னென்ன வசதி வேண்டும் என்ற விதித்தொகுப்பு) 1.0, 1.1, 2.0 என்று தவணை தவணையாக வளர்ந்தது. அந்தச் சிறு படம்கூட 2007 நவம்பருக்குப் பிறகு அறிமுகமான பிளேயர்களுக்குத்தான் கட்டாயமானது. முதலில் நம்பி வாங்கியவர்களை இப்படி அரைகுறைக் கருவியோடு விட்டது தவறு.

நீலக்கதிர்:

நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை ஓராண்டு, ஈராண்டுக் குறைகள். வட்டின் உடம்பிலேயே இருக்கும் குறையை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. நான் ஒளியியல் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டிலும் லேசர் ஒன்றுதான்: 405 நானோமீட்டர் நீல ஊதாக் கதிர். வேறுபாடு லென்ஸில் இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியைக் குவிக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. டிவிடிக்கு அது 0.6, எச்.டி. டிவிடிக்கு 0.65, புளூ-ரேக்கு 0.85. அலைநீளத்தை இந்த எண்ணால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில்தான் வட்டின் மேல் விழும் ஒளிப்புள்ளியின் விட்டம் இருக்கும். டிவிடிக்கு 650-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1083. எச்.டி. டிவிடிக்கு 623. புளூ-ரேக்கு 476. பரப்புக்கு வர்க்கம் எடுங்கள். டிவிடியைவிட எச்.டி. டிவிடியில் மூன்று மடங்கு நெருக்கமாக எழுதலாம். புளூ-ரேயில் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். டிவிடியின் ஓர் அடுக்குக் கொள்ளளவான 4.7 ஜி.பி.யை இவற்றால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 15, 25 என்று வந்து நிற்கும். விளம்பரத்துக்காகச் சொன்ன கணக்கல்ல இது. லென்ஸிலிருந்து வருகிற கணக்கு.

இதற்கு விலை உண்டு. லென்ஸ் இப்படிக் கூர்மையானால் வட்டு இம்மியளவு சாய்ந்தாலும் புள்ளி கலங்கும். மேலே உள்ள ஒளிபுகும் உறையின் தடிமன் கூடக்கூடக் கலக்கமும் கூடும். அதனால் 0.6 மில்லிமீட்டராக இருந்த உறையைப் புளூ-ரேக்காரர்கள் 0.1 மில்லிமீட்டராக இறக்கினார்கள். தரவு மேற்பரப்பை ஒட்டி வந்துவிட்டதால் கீறல் பயம் வந்தது. 2003-இல் ஜப்பானில் வெளிவந்த சோனி ரெக்கார்டருக்கான வட்டுகளைப் பெட்டிக்குள் அடைத்தே விற்றார்கள். பிறகு டிடிகே நிறுவனத்தின் கடினப் பூச்சு வந்தது, பெட்டி தேவையற்றதாகிவிட்டது. கடினமான வழியைத் தேர்ந்தெடுத்து அதைத் தீர்த்தும் காட்டியவர்களை ‘கெடுபிடிக்காரர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியா?

பழைய வட்டு:

கணக்கு சரி. ஆனால் அது படம் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி. வார்னர் ஸ்டூடியோ 2007 முழுக்கத் தன் படங்களை இரண்டு வகையிலும் வெளியிட்டது. பல படங்களுக்கு, இரண்டு அடுக்கில் 30 ஜி.பி. கொள்ளும் எச்.டி. டிவிடிக்காக விசி-1 முறையில் சுருக்கிய அதே கோப்பைத்தான் புளூ-ரேயிலும் வைத்தது. இரண்டையும் அருகருகே ஓட்டினால் ஒரே படம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 30 ஜி.பி. போதும் என்று காட்டியது இது.

அந்த 0.6 மில்லிமீட்டர் உறையால் வந்த நன்மையை விட்டுவிட்டீர்கள். டிவிடியும் அதே தடிமன்தான். இருக்கிற டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றியமைத்தாலே எச்.டி. டிவிடி அச்சிடலாம். ஒரு பக்கம் டிவிடி, மறுபக்கம் எச்.டி. டிவிடி என்று ஒரே வட்டாகவும் விற்றார்கள். வீட்டில் புதிய பிளேயர் ஒன்று, குழந்தைகள் அறையில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று என்றிருந்தவர்களுக்கு அது எவ்வளவு உதவி!

சுருள்நாடா:

இருவரும் 2006-இலிருந்து தொடங்குகிறீர்கள். சண்டையின் வேர் 1995-இல் இருக்கிறது. அப்போது சோனியும் பிலிப்ஸும் ஒரு வட்டு, தோஷிபாவும் டைம் வார்னரும் இன்னொரு வட்டு என்று மோதிக்கொண்டு நின்றன. கணினி நிறுவனங்கள், முக்கியமாக ஐபிஎம், ‘இரண்டு வகை வந்தால் இரண்டையும் ஆதரிக்க மாட்டோம்’ என்று அழுத்தம் கொடுத்தன. சமரசம் பிறந்தது. 0.6 மில்லிமீட்டர் வட்டு இரண்டை ஒட்டும் தோஷிபா அமைப்பு நின்றது. தரவைக் குறியேற்றும் முறை சோனி-பிலிப்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. டிவிடி அப்படித்தான் பிறந்தது, உலகம் முழுக்கப் பரவியது. அதன் காப்புரிமைத் தொகையில் தோஷிபாவுக்குப் பெரும் பங்கு.

அடுத்த வட்டிலும் அந்த வருமானம் தொடர வேண்டும் என்று ஒரு தரப்பு நினைத்தது; இந்தத் தடவை விடக்கூடாது என்று மறுதரப்பு நினைத்தது. 2005-இல் சோனியும் தோஷிபாவும் ஒன்றுசேரப் பேசின. எங்கே முறிந்தது? 0.1 மில்லிமீட்டரா, 0.6 மில்லிமீட்டரா என்ற இடத்தில்தான். நீலக்கதிருக்கு அது ஒளியியல்; பேச்சுவார்த்தை மேசையில் அது காப்புரிமை. 1995-இல் மேசையில் தட்டிப் பேச ஒரு மூன்றாம் தரப்பு இருந்தது. 2005-இல் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் எச்.டி. டிவிடி பக்கம் போய்விட்டன. டெல், எச்பி, ஆப்பிள் புளூ-ரே சங்கத்தில் இருந்தன. நடுவர் என்று யாருமே இல்லை. என் கோபம் இதில்தான்.

அடையாறு வாசகர்:

மண்டலக் குறியீட்டை இதுவரை யாரும் எடுக்கவில்லையே. அமெரிக்கா மண்டலம் ‘ஏ’, இந்தியாவும் இலங்கையும் ‘சி’. டல்லஸில் இருக்கும் அக்கா விடுமுறைக்கு வரும்போது ஆசையாக வாங்கி வந்த புளூ-ரே வட்டுகளில் இரண்டு என் வீட்டு பிளேயரில் ஓடவே இல்லை. உள்ளே போகிறது, சுழல்கிறது, பிறகு ‘இந்த மண்டலத்துக்கு உரியதல்ல’ என்று திரையில் ஒரு வரி. முழு விலை கொடுத்து, ரசீதோடு வாங்கிய வட்டு. எச்.டி. டிவிடியில் மண்டலக் குறியீடே கிடையாது. நம்மைப் போல உறவினர் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கு எது நல்லது என்று நீலக்கதிரே சொல்லட்டும்.

நீலக்கதிர்:

மண்டலக் குறியீட்டை நான் ஆதரிக்கவில்லை. அது அநியாயம்தான். ஆனால் பூட்டு எல்லா வட்டிலும் இல்லை; சில ஸ்டூடியோக்கள் பூட்டாமலேயே வெளியிட்டன. போட்டியின் முடிவையும் அது தீர்மானிக்கவில்லை.

பழைய வட்டு:

பூட்டுதான் முடிவைத் தீர்மானித்தது என்கிறேன் நான். இரண்டு வட்டிலும் நகலெடுப்பதைத் தடுக்கும் ஏஏசிஎஸ் என்ற பாதுகாப்பு முறை உண்டு. புளூ-ரே அதற்கு மேல் ‘பிடி பிளஸ்’ என்று இன்னொரு பூட்டையும் தந்தது. ஃபாக்ஸ் ஸ்டூடியோ புளூ-ரே பக்கம் போனதற்கு அதுவே காரணம். பார்வையாளர் கேட்டதா அது? வட்டை வாங்குகிறவர்மேல் யாருக்குச் சந்தேகம் அதிகமோ அவர்களைக் குளிர்வித்த வகை வென்றது. 2007 தொடக்கத்திலேயே ஏஏசிஎஸ் சாவிகள் இணையத்தில் கசிந்தன. திருடுகிறவர்கள் திருடினார்கள், அக்காவிடம் வட்டு வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார்.

சுருள்நாடா:

ஃபாக்ஸ் மட்டும் போதாது, நண்பரே. சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 3-ஐ மறந்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 2006 நவம்பரில் அது வந்தது. அதற்குள் புளூ-ரே இருந்தது. விளையாட்டுக்காக வாங்கியவர் வீட்டிலும் புளூ-ரே பிளேயர் நுழைந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸுக்கு எச்.டி. டிவிடியைத் தனிப் பெட்டியாக 199 டாலருக்கு விற்றது. விருப்பப்பட்டவர் மட்டும் வாங்கினார். 2007-இல் அமெரிக்காவில் எச்.டி. டிவிடி ஒன்று விற்றால் புளூ-ரே ஏறக்குறைய இரண்டு என்ற கணக்கில் வட்டுகள் விற்றன. தனிப் பிளேயரில் தோஷிபா மலிவாகக் கொடுத்தும் இந்த நிலை.

நீலக்கதிர்:

அதற்குச் சோனி கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீல லேசர் டையோடு போதிய அளவில் கிடைக்காததால் ஐரோப்பிய வெளியீடு 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. ஒவ்வொரு பெட்டியையும் அடக்க விலைக்குக் கீழே விற்றார்கள். முந்தைய பிளேஸ்டேஷன் வைத்திருந்த ஏகபோக இடம் போய்விட்டது. வட்டை நம்பி இவ்வளவு பெரிய பந்தயம் கட்டினார்கள். தோஷிபா பக்கத்தில் பிளேயர் செய்தவர் ஏறக்குறைய தோஷிபா மட்டும்தான். இங்கே பானசோனிக், சாம்சங், பயோனியர், ஷார்ப், பிலிப்ஸ் என்று வரிசை. ஸ்டூடியோக்கள் இதையும் பார்த்தன.

புரொஃபைல் பற்றி முதலில் கேட்டீர்கள் அல்லவா? அதே பிளேஸ்டேஷன் 3 மென்பொருள் புதுப்பிப்பு வழியாகவே 2.0 வரை ஏறியது. முதல் நாள் வாங்கியவரும் கைவிடப்படவில்லை.

பழைய வட்டு:

ஸ்டூடியோக்கள் எதைப் பார்த்தன என்பதை 2007 ஆகஸ்ட் சொல்லும். பாராமவுண்ட்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டிவிடிக்கு மட்டும் என்று மாறின. 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகை கிடைத்ததாக அப்போது செய்திகள் வந்தன. என் பக்கத்துக்குச் சாதகமான சம்பவம்தான், ஆனாலும் அதை நான் பாராட்ட மாட்டேன். வார்னர் 2008 ஜனவரி 4 அன்று புளூ-ரேக்கு மட்டும் என்று அறிவித்தது. அமெரிக்க வீட்டுக் காணொலிச் சந்தையில் பெரிய கை அது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கருவிகள் கண்காட்சி தொடங்கவிருந்த நேரம், எச்.டி. டிவிடி அணி தன் செய்தியாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் அடுத்தடுத்து விலகின. 19-ஆம் தேதி தோஷிபா கைகழுவியது.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2007 நவம்பரில், அதே வால்மார்ட்டில் தோஷிபா பிளேயர் 98 டாலர் 87 சென்ட்டுக்கு விற்றது. அதை வாங்கிக் கிறிஸ்துமஸுக்குப் பரிசளித்த குடும்பங்கள் எத்தனை! இரண்டு மாதத்தில் அந்தப் பெட்டிக்குப் புதுப் படமே கிடையாது என்றாகிவிட்டது. அந்தக் குடும்பங்களில் யாராவது ‘லென்ஸ் எண் போதவில்லை’ என்று பிளேயரைத் திருப்பிக் கொடுத்தார்களா? முடிவை எடுத்தவை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடக்கூடிய நிறுவனங்கள்.

ஓடைநீர்:

இரண்டுமே தோற்றவைதானே? நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியிலேயே இணையவழிப் படம் காட்டத் தொடங்கிவிட்டது. புளூ-ரே விற்பனை பல ஆண்டுகளுக்கு டிவிடியையே தாண்டவில்லை. சாம்சங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புதிய பிளேயர் செய்வதை நிறுத்தியது. பெஸ்ட் பை கடைகள் 2024-இல் வட்டு விற்பதையே விட்டுவிட்டன.

சுருள்நாடா:

அது வேறு விவாதம், தம்பி. ஆனால் ஒரு தொடர்பு உண்டு. எது வெல்லும் என்று தெரியாமல் மக்கள் இரண்டு ஆண்டுகள் வாங்காமல் காத்திருந்தார்கள். வார்னரே குழப்பத்தைத்தான் காரணமாகச் சொன்னது. வட்டுக்கு இருந்த நல்ல காலம் அந்தக் காத்திருப்பில் போய்விட்டது. 2005-இல் பேச்சு முறியாமல் இருந்திருந்தால் இணையம் வேகம் பிடிக்கும் முன்பே வட்டு வீட்டுக்கு வீடு போயிருக்கும்.

நீலக்கதிர்:

ஓடைநீர், வட்டு முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். 2016-இல் வந்த 4கே புளூ-ரே 66, 100 ஜி.பி. வரை கொள்கிறது. அதே 405 நானோமீட்டர் லேசர், அதே 0.85 லென்ஸ், அதே 0.1 மில்லிமீட்டர். அடித்தளம் சரியாக இருந்ததால்தான் அதன் மேல் இன்னும் கட்ட முடிந்தது. எச்.டி. டிவிடிக்கு மூன்று அடுக்கில் 51 ஜி.பி. என்று திட்டம் போட்டார்கள்; அதில் ஒரு படமும் வெளிவரவில்லை. பழைய வட்டு அவர்கள் கேட்கும் ‘கண்ணுக்குத் தெரிந்ததா’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: 2007-இல் தெரியவில்லை, 2016-இல் தெரிந்தது.

அடையாறு வாசகர்:

4கே புளூ-ரேயில் மண்டலக் குறியீடு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் எங்களை அலைக்கழித்துவிட்டு, எச்.டி. டிவிடி முதலிலேயே செய்ததை அவர்களே செய்தார்கள். அப்படியானால் முதலில் அந்தக் குறியீடு எதற்கு? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீலக்கதிர்.

நீலக்கதிர்:

திரையரங்க வெளியீடு நாட்டுக்கு நாடு மாதக்கணக்கில் முன்பின் இருந்ததால் ஸ்டூடியோக்கள் அதைக் கேட்டன. உலகம் முழுக்க ஒரே வாரத்தில் வெளியிடத் தொடங்கியதும் அந்தக் காரணம் வலுவிழந்தது. காரணத்தைச் சொல்கிறேன், நியாயப்படுத்தவில்லை. வட்டின் அமைப்பையும் ஸ்டூடியோக்களின் நிபந்தனையையும் நான் பிரித்துப் பார்க்கிறேன்.

பழைய வட்டு:

பிரிக்க முடியாது என்பதே என் வழக்கு. என் அலமாரியில் உள்ள எச்.டி. டிவிடிகளில் சில இப்போது படிக்க மறுக்கின்றன. பாதிப் படத்தில் நின்றுவிடுகின்றன. மீதியை வன்தட்டில் ஏற்றிவிடலாம் என்று, எக்ஸ்பாக்ஸுக்காக விற்ற அந்த எச்.டி. டிவிடி பெட்டியை யுஎஸ்பி வழியாகக் கணினியில் பொருத்தினேன். வட்டு தெரிகிறது, கோப்புகள் தெரிகின்றன, ஆனால் ஏஏசிஎஸ் பூட்டு இருக்கிறது. 2005-இல் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் இந்த அணியில் சேர்ந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, வாங்கியவர் தன் வீட்டுக் கணினியில் முறைப்படி ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்பது. அந்த வாக்குறுதி இந்த வட்டுகளோடு போனது. வென்ற வட்டிலும் அது கைக்கு வந்து சேரவில்லை. நீலக்கதிர், உங்கள் புளூ-ரேக்களில் ஒன்று நாளை ஓடாமல் போனால் என்ன செய்வீர்கள்?

நீலக்கதிர்:

இன்னொன்று வாங்குவேன், இன்னும் அச்சில் இருக்கிறது என்பதால். அச்சில் இல்லாதவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஓர் இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன், 25 ஜி.பி. பக்கத்தை மட்டும் விடமாட்டேன்.