ஏற்காடு ரோட்டு ஆர்ச்

வீட்ல ஆராச்சும் சினிமா கம்பெனியில வேலை பார்த்திருக்காங்களான்னு கேட்டிருந்தீங்க. எங்க அப்பாரு இருந்தாருங்க, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்ல, செட்டு போடற ஆசாரி வேலை. 1980 வாக்குல அவரோட ஏற்காடு பஸ்ஸுல போறப்ப கம்பெனி வாசல் ஆர்ச் வரதுக்கு முன்னாலயே சட்டை மேல்பட்டனைப் போட்டுக்குவாரு, வேர்த்துக் கொட்டுதே ஏனுங்கப்பாருன்னா "மொதலாளி நிப்பாருடா"ம்பாரு. மொதலாளி டி.ஆர்.சுந்தரம் 1963லயே போயிட்டாரு!

திருச்செங்கோட்டு ஜவுளிக் குடும்பம், இங்கிலாந்து லீட்ஸ் வரைக்கும் போயி ஜவுளியே படிச்சு வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டிட்டு வந்தவரு, 1935ல ஆரம்பிச்சது சினிமா கம்பெனின்னாலும் நடத்தினது என்னமோ மில்லு மாதிரிதான்னு எனக்குத் தோணும், ஏன்னா கதை எழுதறவருக்கும் மாசச் சம்பளம் எங்க அப்பாருக்கும் மாசச் சம்பளம், லேட்டுன்னா ரெண்டு பேருக்கும் மொதலாளி காட்டறது ஒரே மூஞ்சிதானாம்.

அப்பாரு அதிகம் சொன்னது 1956 அலிபாபா பத்தி. தமிழ்ல மொதல் முழுக் கலர் படம். அதுவரைக்கும் கறுப்பு வெள்ளைதானே, மிச்சம் மீதி பெயிண்டைக் கலக்கி அடிச்சாலும் படத்துல எல்லாம் சாம்பலாத்தான் தெரியும், கலர்னு வந்ததும் ஒரு கதவுக்கே மூணு தடவை அடிச்சுக் காட்டோணுமாம். எம்.ஜி.ஆரைப் பத்திக் கேட்டா ஒரு வரி, அந்தக் கதவைப் பத்தி அரை மணி நேரம்.

இதுக்குக் கீழ இன்னொருத்தரு எழுதியிருந்தாரு: "அண்ணா, நானும் ஒண்ணு சொல்லிக்கறனுங்க, நான் திருச்செங்கோடு. பாலக்காட்டுல வேலை பார்த்தப்ப டீக்கடையில, மலையாளத்து மொதல் பேசும் படம் 'பாலன்' 1938ல எங்க சேலத்துக் கம்பெனி எடுத்ததுன்னு வாய விட்டுட்டேன். ஒருத்தரும் நம்பல, சிரிச்சாங்க. மூலையில இருந்த பெரியவர் ஒருத்தர் மட்டும் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, மொதல் கலர் படமும் அவங்கதான் எடுத்தாங்க, 'கண்டம் பெச்ச கோட்டு', 1961னு சொன்னாரு, அதுவரைக்கும் எனக்கே தெரியாதுங்க. அன்னைக்கு டீக்காசு அவரே குடுத்துட்டாரு."

போன மாசம் பையனைக் கூட்டிட்டு ஆர்ச்சுக்குப் போயிருந்தமுங்க. செல்ஃபி எடுக்க வரிசையா நிக்கறாங்க. உள்ள என்னப்பா இருக்குதுன்னான். வீடுதான் சாமி, பூராம் வீடு.