கோவை ஹெவி மெட்டல் பேண்ட்: டிக்கெட் வித்துக் குடுத்தா பெங்களூர்ல ஸ்லாட். போலாமா?

டிராப்சி_கோவை எழுதியது:

வணக்கம்ங்க. நாங்க நாலு பேர், கோயமுத்தூர். நான் பீளமேட்டுல ஒரு பம்ப்செட் கம்பெனியில வேலை, ரெண்டு பேர் ஐடி, டிரம்மர் இன்னும் காலேஜ் முடிக்கல. மெட்டல்ல த்ராஷ்னு வேகமான வகையும் டெத்னு உறுமிப் பாடற வகையும் கலந்த மாதிரி வாசிக்கிறோம், கிட்டார் கம்பியை வழக்கத்தைவிடத் தளர்த்தி வைக்கிற ட்ராப் சி ட்யூனிங். சொந்தப் பாட்டு ஆறு இருக்கு, அதுல ரெண்டு தமிழ். இதுவரைக்கும் காலேஜ் கல்ச்சுரல்ஸ்லயும் ஒரு கஃபே மொட்டை மாடியிலயும்தான் வாசிச்சிருக்கோம். கஃபேல டிரம்மர் ரெண்டு காலாலயும் பெரிய கிக் டிரம்மை அடிக்கிற டபுள் பெடல் ஆரம்பிச்சதுமே சவுண்டைக் குறைக்கச் சொல்லி மேனேஜர் மேடைக்கே வந்துட்டாருங்க.

இப்ப பெங்களூர்ல ஒரு பப்ல அஞ்சு பேண்ட் ஷோ ஒண்ணு வருது. எங்களுக்கு முதல் ஸ்லாட், 30 நிமிஷம். பணம் கிடையாது, அதைப் பத்தி ஒண்ணும் இல்லை. ஆனா 500 ரூபா டிக்கெட் 40 நாங்களே விக்கணுமாம். விக்காததுக்கு எங்க கையில இருந்து கட்டணுமாம். பெங்களூர்ல எங்களுக்குத் தெரிஞ்சவங்க பத்துப் பேர் இருந்தா அதிகம். போயே ஆகணும்னு பேஸிஸ்ட் ஒத்தைக் கால்ல நிக்கறான். கோவையில மெட்டலுக்கு ஆளே இல்லைன்னும் சொல்றான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, என்ன பண்ணலாம்?

---

பிளாஸ்ட்பீட் எழுதியது:

நானா இருந்தா போயிருவேன் ப்ரோ. பெங்களூர் ஆடியன்ஸ் முன்னாடி ஒரு தடவை நின்னுட்டா அந்த வீடியோ ஒண்ணே போதும், அடுத்த ஷோவுக்குக் காட்டிக் கேட்கலாம். பணத்தை நாலா பிரிச்சா தலைக்கு அஞ்சாயிரம்தானே.

---

சவுண்ட்_டெஸ்க் எழுதியது:

தம்பி, போகாதீங்க. நான் ஆம்பூர்க்காரன், பெங்களூர்ல குடியிருக்கேன், லைவ் சவுண்ட்தான் தொழில். பெங்களூர் மேல எனக்கு உயிர். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஆளைக் கூட்டிட்டு வர்றது ஆர்கனைசர் வேலை. அந்த வேலையை பேண்ட் தலையில கட்டிட்டு, நஷ்டத்தையும் பேண்டையே ஏத்துக்கச் சொன்னா, உங்களுக்கு அவர் என்ன பண்றார்? மேடையை வாடகைக்கு விடறார், அவ்வளவுதான். அதுவும் முதல் ஸ்லாட். ஆறரைக்கு நீங்க ஏறும்போது கீழ நிக்கறது மத்த நாலு பேண்ட் பசங்களும் அவங்க ஃப்ரெண்ட்ஸும்தான். எட்டு மணிக்குக் கூட்டம் உள்ள வரும்போது நீங்க சிம்பலை உறையில போட்டுட்டு இருப்பீங்க. அந்த வீடியோவைப் பார்த்து எவனும் ஸ்லாட் தரமாட்டான். காலியா கிடக்கிற தரை அதுல தெளிவா தெரியும்.

பெங்களூர்னா மெட்டல்னு வெளியூர்ல பேச ஆரம்பிச்சது 2007 மார்ச் 17, பேலஸ் கிரவுண்ட்ஸ்ல இங்கிலாந்து பேண்ட் அயர்ன் மெய்டன் வாசிச்ச ராத்திரிக்கு அப்புறம். அது உண்மைதான். ஆனா க்ரிப்டோஸ் 1998-லயே இங்க ஆரம்பிச்ச பேண்ட். முதல் ஆல்பம் 2004-ல. ஐரோப்பா டூர் 2010, ஜெர்மனியில நடக்கிற வாக்கன் மெட்டல் திருவிழா மேடை 2013. நடுவுல இருக்கிற அத்தனை வருஷமும் இந்த ஊர் பப்பும் காலேஜ் மைதானமும்தான். 2011 அக்டோபர் 30, அமெரிக்க பேண்ட் மெட்டாலிக்கா அதே பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தப்ப அவங்களுக்கு முன்னாடி ஏறினதுல ஒண்ணு நம்ம ஊர் இன்னர் சாங்க்டம். அவ்வளவு பெரிய கூட்டத்துல என்னைச் சுத்தி நின்ன பசங்க அவங்க பாட்டை வரி விடாம கத்திட்டு இருந்தாங்க. சின்ன ரூம்ல, பாதி வேலை செய்யற ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவங்க. அவங்களை யாரும் டிக்கெட் கோட்டா போட்டுக் கொண்டு வரல.

இன்னொண்ணையும் தெரிஞ்சுக்கோங்க. பெங்களூர்ல இப்ப மெட்டலுக்கு மேடை குறைச்சல். லைவ் மியூசிக்குக்குத் தனி லைசென்ஸ் வேணும்ங்கிற 2005 உத்தரவை 2018-ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொன்னதும் போலீஸ் கெடுபிடி ஆரம்பிச்சுது, நிறைய இடத்துல பேண்டை நிறுத்திட்டு ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டுட்டாங்க. இந்திராநகர் ஹம்மிங் ட்ரீ 2019-ல மூடினப்ப நிஜமாவே கண்ல தண்ணி வந்துச்சு எனக்கு. மேடை குறைஞ்சு பேண்ட் கூடினா ஸ்லாட்டை விலைக்கு விக்கத்தான் பார்ப்பாங்க. நீங்க கட்டினா நாளைக்கு ஈரோட்டுல இருந்து வர்ற பையனும் கட்டியாகணும்.

சரி, கோவைக்கு வருவோம். ஆள் இல்லைன்னு உங்க பேஸிஸ்ட் எதை வெச்சுச் சொல்றார்? 2009-ல ஐஐடி மெட்ராஸ் கல்ச்சுரல்ஸ் சாரங்குக்கு ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓபெத் வந்தப்ப நானும் போயிருந்தேன். பக்கத்துல நின்னவங்க கிட்ட எந்த ஊருன்னு கேட்டா சேலம், திருச்சூர், ஹைதராபாத்னு வருது. மெட்டல் கேட்கிறவன் ராத்திரி ரயில்ல நின்னுட்டாவது வருவான், கூப்பிடத்தான் ஆள் வேணும். அப்புறம் உங்க ஊர் எங்க இருக்குன்னு மேப்பைப் பாருங்க. வாளையார் தாண்டினா கேரளா. கொச்சி உங்களுக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், பெங்களூர் அதைவிட ரொம்ப தூரம். திருவனந்தபுரத்துல கேயாஸ்ங்கிற பேண்ட், வட கேரளா சாமியாட்டமான தெய்யத்தையும் மெட்டலையும் சேர்த்து வாசிச்ச தி டவுன் ட்ராடன்ஸ், இதெல்லாம் அந்தப் பக்கம் வளர்ந்தது. அங்க கேட்கிற பசங்க நிறைய. உங்களுக்குப் பெங்களூரைவிட அவங்கதான் பக்கத்து வீடு.

அதனால அந்த இருபதாயிரத்தை ஊர்லயே போடுங்க. மூணு பேண்ட் போதும். நீங்க, கேரளாவுல இருந்து ஒண்ணு, பெங்களூர்ல இருந்து உங்க வயசுப் பசங்க ஒண்ணு. அவங்களுக்கு ட்ரெயின் காசும், படுக்க இடமும், வயிறு நிறைய சாப்பாடும் உங்க பொறுப்பு. பதிலுக்கு அவங்க ஊர்ல அவங்க ஷோவுல உங்களுக்கு ஒரு ஸ்லாட், டிக்கெட் கோட்டா எதுவும் இல்லாம. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எந்த ஊர்லயும் வண்டியை ஓட்டுது. பெங்களூர் மேடை உங்களுக்கு அப்படி வரணும்.

ஹாலுக்கு பப் பின்னாடி அலையாதீங்க. ஆடி மாசம் மினி ஹால் எல்லாம் கல்யாணம் இல்லாம சும்மா கிடக்கும், ஞாயித்துக்கிழமைக்குக்கூட வாடகையைப் பேசிக் குறைக்கலாம். மார்கழியும் அப்படித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிங்க. கேரளாப் பசங்க பஸ் பிடிக்கணும், பொண்ணுங்க வந்தா வீட்டுக்கு நேரத்தோட போகணும், பக்கத்துத் தெருக்காரங்களும் ராத்திரி தூங்கணும். ஹால் மேனேஜர் கிட்ட இது எவ்வளவு சத்தம்னு மறைக்காம சொல்லிடுங்க, ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக் குடுத்திடுங்க.

இப்ப சவுண்ட். இதுலதான் புது பேண்ட் எல்லாம் சாகுது. மினி ஹால்னா டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர். டபுள் பெடல் வேகமா போச்சுன்னா ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இடமே இருக்காது, எல்லாம் ஒரே உறுமலாத்தான் கேட்கும். பந்தல் காண்ட்ராக்டர் கிட்ட கனமான துணி வாடகைக்குக் கிடைக்கும். டிரம்ஸுக்குப் பின்னாடியும் எதிர்ச் சுவர்லயும் மடிப்பு மடிப்பா தொங்க விடுங்க. கிக் டிரம்முக்கு உள்ள ஒரு தலையணை. மிக்ஸர்ல கிக் சேனல்ல 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் குறைச்சு, 3000, 4000 பக்கம் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க. பெடல்ல இருக்கிற பீட்டர் டிரம் தோல்ல படற அந்த ‘டக்’ வந்தாத்தான் வேகம் காதுக்குத் தெரியும்.

கிட்டார்காரங்க கிட்ட ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். ரூம்ல தனியா வாசிக்கும்போது மிட்ஸை, அதாவது நடுப்பக்கச் சத்தத்தை, அடியோட எடுத்துட்டு, பாஸும் ட்ரெபிளும் ஏத்தி, கரகரப்பைக் கூட்டற கெயினை முழுசா திருகி வெச்சா பிரமாதமா இருக்கும். அதே செட்டிங்ல மேடை ஏறினா கீழ்ப்பக்கத்தை பேஸ் கிட்டாரும் கிக்கும் எடுத்துக்கும், மேல்பக்கத்தை சிம்பல் எடுத்துக்கும். உங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த மிட்ஸ் மட்டும்தான். அதையும் நீங்களே எடுத்துட்டா கை ஆடறது தெரியும், திரும்பத் திரும்ப வர்ற அந்த கிட்டார் ரிஃப் கேட்காது. மிட்ஸை ஏத்துங்க. கெயினைப் பாதிக்குக் கொண்டு வாங்க. உள்ளங்கையால கம்பியை அமுக்கி வாசிக்கிற பாம் மியூட் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழும்.

காதுக்கு இயர்பிளக் போடுங்க, வர்றவங்களுக்கும் வாசல்ல குடுங்க. 100 டெசிபல்ல பாதுகாப்பான நேரம்னு சொல்றது வெறும் 15 நிமிஷம். மேடை முன்னாடி பசங்க மோதிக் குதிக்கிற மோஷ் பிட் வந்தா நல்லது, ஆனா டைல்ஸ்ல தண்ணி சிந்தினா மண்டை உடையும். தண்ணி பாட்டிலை பிட் பக்கம் கொண்டு போக விடாதீங்க. விழுந்தவனை உடனே தூக்கிவிட ரெண்டு நண்பர்களை மேடை முன்னாடியே நிறுத்துங்க.

---

டிராப்சி_கோவை எழுதியது:

அண்ணா, படிச்சுட்டு பேஸிஸ்டுக்கு அப்படியே அனுப்பிட்டேங்க. ஒரு மணி நேரம் பதிலே இல்லை, அப்புறம் ‘ஆடி எப்ப பொறக்குது’ன்னு மட்டும் கேட்டான்!

ஒரு சந்தேகம்ங்க. எங்களுக்குத் தெரிஞ்ச சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருத்தர் இருக்கார். கோயில் திருவிழா, லைட் மியூசிக்தான் பண்ணுவார். 16 சேனல் மிக்ஸர் இருக்கு, ஆனா மைக் மொத்தமே எட்டுத்தான். இது பத்துமாங்ணா? அப்புறம் அந்த ரெண்டு தமிழ்ப் பாட்டு. தமிழ்ல க்ரவுல் பண்ணா, அதாவது தொண்டையால உறுமிப் பாடினா, சிரிப்பாங்கன்னு காலேஜ்ல ஒரு ஜட்ஜ் சொன்னதுல இருந்து எங்க சிங்கர் அதைப் பாடவே தயங்கறான்.

---

பாசிர்_ரிஸ் எழுதியது:

தமிழ்ப் பாட்டைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். சிங்கப்பூர்ல இருக்கேன். இங்க ருத்ரான்னு ஒரு பேண்ட், 1992-ல ஆரம்பிச்சது, பாடி பேஸ் வாசிக்கிறவர் கதிர். டெத் மெட்டலுக்குள்ள சமஸ்கிருத சுலோகத்தை வெச்சாங்க, வேதாந்தத்தைப் பாட்டாக்கினாங்க. ‘பிரம்மவித்யா’ன்னு மூணு ஆல்பம், 2005, 2009, 2011. வேதிக் மெட்டல்னு தங்களுக்குத் தாங்களே பேர் வெச்சாங்க, உலகம் முழுக்க அந்தப் பேர் நின்னுடுச்சு.

அவங்க தொடங்கின காலத்துல இங்க நிலைமை உங்களைவிட மோசம். ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி ஆடற ஸ்லாம் டான்ஸுக்குத் தடை, இந்த மாதிரி இசைக்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல இருந்த சப்ஸ்டேஷன்ங்கிற கலைக்கூடம் மாதிரி ஒண்ணு ரெண்டு இடம்தான். அதுக்குள்ள நின்னு, நம்ம வீட்டுப் பூஜை அறையில கேட்ட சத்தத்தை மேடைக்குக் கொண்டு வந்தாங்க. நான் முதல் தடவை அவங்களை நேர்ல கேட்டப்ப பக்கத்துல நின்ன மலாய்ப் பையன் ஒரு வார்த்தை புரியாம கண்ணை மூடிட்டுத் தலையை ஆட்டிட்டு இருந்தான். யாரும் சிரிக்கல. உங்க சிங்கரைப் பாடச் சொல்லுங்க தம்பி. ஆங்கிலத்துல க்ரவுல் பண்ண உலகம் முழுக்க பேண்ட் இருக்கு. கோயமுத்தூர்ல இருந்து தமிழ்ல வர்ற த்ராஷ் கேட்க நான் டிக்கெட் போட்டு வருவேன். வீடியோ கட்டாயம் போடுங்க.

---

பிளாஸ்ட்பீட் எழுதியது:

டிக்கெட் விஷயத்துல சவுண்ட்_டெஸ்க் அண்ணன் சொல்றதுதான் சரி, நான் அந்தக் கோணத்துல யோசிக்கல. நான் திருப்பூர். ஷோ போட்டா சொல்லுங்க, எங்க கேங்க்ல ஏழெட்டுப் பேர் வருவோம். போஸ்டர் டிசைன் வேணும்னாலும் பண்ணித் தர்றேன், டி-ஷர்ட் பிரிண்ட்டுக்கு ஊர்ல கேட்கவே வேண்டாம்.

---

சவுண்ட்_டெஸ்க் எழுதியது:

திருப்பூர்த் தம்பி, டி-ஷர்ட்டை முதல் ஷோவுக்கே பண்ணிடுங்க. டிக்கெட்ல வர்ற காசு ஹாலுக்கே போயிடும், டி-ஷர்ட்ல வர்றதுதான் பேண்ட் கைக்கு வரும்.

எட்டு மைக் பத்தும். கிக்குக்கு ஒண்ணு, ஸ்னேருக்கு ஒண்ணு, டாம் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. சிம்பலுக்கு மேல வைக்கிற ஓவர்ஹெட் மைக் வேண்டாம், சின்ன ஹால்ல சிம்பல் மைக் இல்லாமயே காதைக் கிழிக்கும். கிட்டார் ஆம்ப் ரெண்டுக்கும் ஒவ்வொண்ணு, குரலுக்கு ரெண்டு. ஏழு ஆச்சு, ஒண்ணு ஸ்பேர். பேஸை மைக் இல்லாம, டிஐ பாக்ஸ்ங்கிற இணைப்புப் பெட்டி வழியா நேரா மிக்ஸருக்குக் குடுங்க. ஸ்னேர், சிம்பல், டபுள் பெடல் இது மூணையும் ஒவ்வொரு டிரம்மரும் சொந்தமா கொண்டு வரணும்னு மத்த பேண்டுகளுக்கு இப்பவே சொல்லிடுங்க. மிச்ச டிரம் கிட் ஒண்ணே போதும், நகர்த்தாம மூணு பேரும் வாசிக்கலாம்.

லைட் மியூசிக் சவுண்ட்காரரை லேசா நினைக்காதீங்க. திறந்தவெளித் திருவிழாவுல ஃபீட்பேக் இல்லாம குரலைத் தூக்கறவருக்குக் காது நல்லாவே இருக்கும். பழக்கத்துல குரலை மேல வெச்சு கிட்டாரை அடியில தள்ளுவார், அவ்வளவுதான். ஒரு நாள் உங்க ப்ராக்டீஸுக்குக் கூப்பிட்டு உட்கார வைங்க. டீ வாங்கிக் குடுத்து, எது முன்னாடி கேட்கணும்னு பாட்டு வாசிச்சே காட்டுங்க.

தமிழ்ப் பாட்டை செட்ல முதல்ல வைக்காதீங்க, மூணாவதா வைங்க. முதல் ரெண்டு பாட்டு முழுக்க நாங்க மிக்ஸர் டெஸ்க்ல குரலைத் தேடிட்டுத்தான் இருப்போம். மூணாவதுலதான் மிக்ஸ் ஒரு நிலைக்கு வரும், வரி புரியும். ஹால் தேதி உறுதியானதும் இங்க போடுங்க, அன்னைக்கு எனக்கு வேலை இல்லைன்னா ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பிடிச்சு வந்துடறேன். டெஸ்க்ல உங்க சவுண்ட்காரர் கூட நிக்கறேன்.