மறு: எகிப்து – ஹிட்டைட் உடன்படிக்கை: ஓடிப்போனவரைத் திருப்பித் தருவதற்கு என்ன சொல்?

//நாடுகடத்தல் என்றே போட்டுவிடலாமே, செய்தித்தாள்கள் அப்படித்தானே எழுதுகின்றன?//

வணக்கம் ஐயா. செய்தித்தாளுக்கு அது ஓடும், எகிப்து – ஹிட்டைட் சமாதான உடன்படிக்கை பற்றிய நம் கட்டுரைக்கு ஓடாது. நாடுகடத்தலில் ஆளை எல்லைக்கு வெளியே தள்ளினால் வேலை முடிந்தது. இங்கே கேட்கிற அரசு ஒன்று, கொடுக்கிற அரசு ஒன்று. போதாக்குறைக்கு, கடத்தல் என்றாலே இப்போது தங்கமும் செம்மரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

மூலத்துக்கு வருவோம். கி.மு. 1274 வாக்கில் ஒரோண்டிஸ் ஆற்றங்கரைக் காதேஷில் எகிப்து மன்னர் இரண்டாம் ராமேசஸும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் மன்னர் இரண்டாம் முவாத்தல்லியும் மோதினார்கள். தானே வென்றதாக ராமேசஸ் கோயில் கோயிலாகச் செதுக்கிவைத்தார். ஊர் என்னவோ ஹிட்டைட் கையில்தான் இருந்தது. சுமார் பதினைந்து வருடம் கழித்து முவாத்தல்லியின் தம்பி மூன்றாம் ஹத்துசிலியோடு சமாதானம். உடன்படிக்கையின் எகிப்திய வாசகம் எகிப்தில் கர்னாக் கோயில் சுவரில் இருக்கிறது. அன்று அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட அக்காதிய மொழி வாசகம் 1906இல் ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் களிமண் பலகைகளாகக் கிடைத்தது.

நமக்கு வேண்டிய பகுதி கர்னாக் வாசகத்தின் பின்பாதி. பெரிய மனிதர் ஓடிவந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். பேர் தெரியாத ஒருவர் இருவர் வந்தாலும் அனுப்ப வேண்டும். அப்புறம்தான் விசேஷம். திரும்பி வந்தவன் மேல் குற்றம் சுமத்தக் கூடாது. அவன் வீட்டை, மனைவிமாரை, பிள்ளைகளை அழிக்கக் கூடாது. அவனைக் கொல்லக் கூடாது. கண், காது, வாய், கால் எதற்கும் ஊறு செய்யக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாகப் பட்டியல் போட்டிருப்பதைப் பார்த்தால், வழக்கமாக என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆகவே ‘குற்றவாளி ஒப்படைப்பு’ சரிவராது. குற்றம் சுமத்தாதே என்று சொல்கிற பிரிவுக்கே குற்றவாளி என்று பேர் வைப்பதா? நம் குழுவில் ஓர் அம்மா முன்வைத்த ‘அடைக்கல மீட்பு’ காதுக்கு இனிமை. ஆனால் அடைக்கலம் என்று ஏற்றுக்கொண்ட ஆளைக் கொடுப்பது நம் மொழியில் துரோகம். இங்கேயோ கொடுப்பதுதான் நட்பு. அந்தச் சொல் உடன்படிக்கையோடு சண்டை போடுகிறது.

என் முன்மொழிவு: ஆளொப்படைப்பு. ஆள் என்றால் பிரபுவும் ஆள், பேர் தெரியாதவனும் ஆள். கூடவே வருகிற வாக்குறுதிக்கு ‘ஊறின்மை உறுதி’. பொதுமன்னிப்பு வேண்டாம், அது ஓர் அரசு தன் குடிகளுக்குத் தருவது, இது ஓர் அரசு இன்னோர் அரசுக்குத் தருவது.

---

//ஆளொப்படைப்பு//

பொருள் சரி. ஆனால் ஒட்டி எழுதினால் முதல் பார்வையில் ‘ஆளொப்ப…’ என்று தடுக்குகிறது, ‘ஒப்படைப்பு’ என்று தேடுகிறவருக்கும் அகப்படாது. பிரித்தே எழுதலாமே. ஊறின்மை என்றதும் எனக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும்.

வாக்கியத்தில் வைத்தும் பாருங்கள். முவாத்தல்லியின் மகன் உர்ஹி-தெசுப்பைச் சித்தப்பா ஹத்துசிலி அரியணையிலிருந்து இறக்கினார். இறக்கப்பட்டவர் எகிப்துக்கு ஓடினார். ‘ஹத்துசிலி, உர்ஹி-தெசுப்பை ஆளொப்படைப்புச் செய்யுமாறு கேட்டார்’ என்று எழுதுவீர்களா?

---

எழுத மாட்டேன். ‘உர்ஹி-தெசுப்பை ஒப்படைக்கும்படி கேட்டார்’ போதும். பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் மட்டும் ‘ஆள் ஒப்படைப்பு’, பிரித்தே. கட்டுரையில் நான்கு இடங்களில் மாற்றிவிட்டேன்.

ஊறுகாய்க்குப் பதில் ‘தீங்கின்மை உறுதி’ என்று போட்டுப் பார்க்கிறேன். கண்ணும் காதும் அதில் வரவில்லையே என்று ஒரு குறை. வேறு தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை மெய்ப்பு போகிறது.